மசில் பிரேக்கின் மேல் பிளாஸ்ட் ஷீல்டு: பூட்டும் முன் ஒரு கணக்கு, பூட்டிய பின் ஒரு அளவு

மசில் பிரேக் என்பது குழல்முனையில் மாட்டும் துளையிட்ட துண்டு, வாயுவைப் பக்கவாட்டில் விட்டு உதையைக் குறைப்பது. அது பூட்டிய ரைஃபிளைச் சுடும்போது, சுடுபவரின் தோள் தப்பித்துக்கொள்ளும். அடுத்த மேடையில் படுத்திருப்பவரின் முகம் அடி வாங்கும். இந்தத் தொல்லைக்கு மருந்தாக விற்கப்படுவது பிளாஸ்ட் ஷீல்டு. பிரேக்கை மூடிக்கொள்ளும் ஓர் உருளை அது. பின்பக்கம் அடைப்பு, முன்பக்கம் திறப்பு. பக்கவாட்டில் பாயும் வாயுவையும் சத்தத்தையும் முன்னால் திருப்பிவிடும். அமெரிக்கச் சந்தையில் ஷூர்ஃபயர் வார்டன், வி.ஜி.6 கேஜ், ஃபெர்ஃபிரான்ஸ் சி.ஆர்.டி. எனப் பல வகை கிடைக்கின்றன.

வாயு பக்கவாட்டில் போனால்தானே பிரேக் வேலை செய்யும்? அதை முன்னால் திருப்பிவிட்ட பிறகு பிரேக் எதற்கு? இந்தக் கேள்வி முற்றிலும் சரியானது. உதையைக் குறைக்கும் வேலையில் பெரும்பகுதி போய்விடும் என்பதே பதில். மிச்சம் எவ்வளவு என்பது ரைஃபிளுக்கு ரைஃபிள் மாறும். அதை வீட்டுச் சாமான்களை வைத்தே அளக்கலாம்.

உதை எங்கிருந்து வருகிறது

துப்பாக்கியின் பின்னுதைப்புக்குக் காரணம் குண்டு மட்டும் என்றுதான் பலரும் நினைக்கிறார்கள். குழல்முனையிலிருந்து குண்டு வெளியேறியதும் அதன் பின்னால் எரிந்த வெடிமருந்து வாயுவாகச் சீறி வெளியே வருகிறது. அந்த வாயுவும் ஒரு ராக்கெட்போல ரைஃபிளைப் பின்னால் தள்ளுகிறது. ரைஃபிள் கணக்குகளில் வாயுவின் வேகத்தைக் குண்டின் வேகத்தைப்போல 1.75 மடங்கு என்று எடுத்துக்கொள்வது அமெரிக்கத் தோட்டா உற்பத்தியாளர்களின் தரக்குழுவான ஸாமியின் வழக்கம்.

.308 வின்செஸ்டர் தோட்டாவை எடுத்துக்கொள்வோம். குண்டு 168 கிரெய்ன், அதாவது 10.9 கிராம். வேகம் நொடிக்கு 808 மீட்டர். வெடிமருந்து சுமார் 2.8 கிராம். குண்டின் உந்தம் 8.8 நியூட்டன் நொடி, வாயுவின் உந்தம் ஏறக்குறைய 4. மொத்தம் 12.8. உதையில் வாயுவின் பங்கு 31 சதவீதம். 4.5 கிலோ ரைஃபிளில் இது 18 ஜூல் உதையாகத் தோளுக்கு வரும்.

190 கிரெய்ன் குண்டும் 70 கிரெய்ன் மருந்தும் கொண்ட .300 வின்செஸ்டர் மேக்னத்தில் வாயுவின் பங்கு 39 சதவீதம். 55 கிரெய்ன் குண்டும் 25 கிரெய்ன் மருந்தும் கொண்ட 5.56 என்ற சிறிய தோட்டாவில் 44 சதவீதம். குண்டின் எடையோடு ஒப்பிட மருந்து கூடக் கூட, பிரேக்குக்கு வேலை கூடும். ஆனால் 5.56-இன் மொத்த உந்தமே 6.2 நியூட்டன் நொடிதான், .308-இல் பாதிகூட இல்லை. அதனால் அதில் பிரேக் போனாலும் தோளுக்குப் பெரிய நஷ்டம் இல்லை. இதை நினைவில் வையுங்கள், பின்னால் முடிவெடுக்க உதவும்.

பிரேக் தொடக்கூடியது வாயுவின் பங்கை மட்டுமே. துளைகள் வழியாக வாயு முழுவதையும் சரியாக 90 பாகை பக்கவாட்டில் திருப்பும் ஒரு பிரேக்கைக் கற்பனை செய்தால், .308-இன் உந்தம் 12.8-இலிருந்து 8.8-க்கு இறங்கும். உதையின் ஆற்றல் உந்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது என்பதால், ஆற்றல் பாதிக்கும் கீழே வந்துவிடும். துளைகளைப் பின்னோக்கிச் சாய்த்தால் ரைஃபிள் இன்னும் முன்னால் இழுக்கப்படும். பாரெட் எம்82-இன் அம்புமுனை வடிவ பிரேக் இதற்குப் பெயர்போனது. விலை என்னவென்றால், சத்தமும் சாய்ந்து சுடுபவரின் முகத்துக்கே வரும்.

ஷீல்டுக்குள் நடப்பது

பிரேக்கின் தடுப்பில் வாயு மோதி அதை முன்னால் தள்ளுகிறது. அதுவரை பிரேக் தன் வேலையைச் சரியாகவே செய்கிறது. அடுத்து வாயு ஷீல்டின் சுவரில் மோதுகிறது. இடமும் வலமும் சமமாகத் தள்ளுவதால் அங்கே லாபமும் இல்லை, நஷ்டமும் இல்லை. ஆனால் வாயு வெளியேற ஒரே வழி முன்பக்கம். அது முன்னால் திரும்ப வேண்டுமானால் ஏதோ ஒன்று அதை முன்னால் தள்ளியாக வேண்டும். தள்ளுவது ஷீல்டின் பின்சுவர். அங்கே தேங்கும் அழுத்தம் வாயுவை முன்னாலும் பின்சுவரை, அதன் வழியாக ரைஃபிளை, பின்னாலும் தள்ளுகிறது. பிரேக் ஒரு கையால் கொடுத்ததைப் பின்சுவர் மறு கையால் வாங்கிக்கொள்கிறது.

உள்ளே எத்தனை வளைவு, எத்தனை துளை இருந்தாலும் சரி, கடைசியில் வெளியே வரும் வாயு எந்தத் திசையில், எவ்வளவு வேகத்தில் போகிறது என்பதுதான் உதையைத் தீர்மானிக்கும். வாயு முன்னால் போனால் உதை பின்னால் வரும்.

அப்படியானால் மிச்சமே இல்லையா? கொஞ்சம் உண்டு. தடுப்பிலும் சுவரிலும் மோதிச் சுழன்றதில் வாயு சிறிது வேகம் இழந்திருக்கும். எவ்வளவு இழந்ததோ அவ்வளவுதான் பிரேக்கின் மிச்சப் பலன். சப்ரஸ்ஸர், அதாவது சைலன்சர், உதையைக் குறைப்பதும் இதே வழியில்தான். அது வாயுவைப் பல அறைகளில் பிடித்துவைத்து, ஆறவைத்து, மெதுவாக விடுகிறது. ஷீல்டு பிடித்துவைப்பதில்லை, திருப்பிவிடுகிறது. உருளை வடிவத்தைப் பார்த்து இரண்டும் ஒன்றென்று எண்ணி வாங்குபவர்கள் ஏமாறுவது இங்கேதான்.

ஷீல்டு போட்ட பிறகும் உதை குறைவாகவே இருக்கிறது என்று சொல்பவர்கள் பொய் சொல்வதில்லை. அதற்கு இரண்டு காரணங்கள் உண்டு. ஒன்று, எடை. 3.2 கிலோ கார்பைனின் (குட்டை ரைஃபிளின்) முனையில் 350 கிராம் ஏற்றினால், வாயு எந்தப் பக்கம் போனாலும், உதையின் ஆற்றல் சுமார் 10 சதவீதம் குறையும். இன்னொன்று, முகத்தில் அடிக்கும் காற்றும் சத்தமும் நின்றதும் உடல் பதறுவது நிற்கிறது. பதறாத உடலுக்கு அதே உதை சிறியதாகத் தெரியும். இது மனப்பிரமை என்று ஒதுக்க வேண்டாம். பதறாமல் விசை இழுப்பவரின் குண்டுகள் இலக்கில் நெருக்கமாக விழும்.

எந்த முனையின் மேல் ஷீல்டு

ஃபிளாஷ் ஹைடரின் மேல் போட்டால் உதையில் நஷ்டம் ஏதுமில்லை. குழல்முனைத் தீச்சுடரை மறைக்கும் துண்டு அது, உதையைக் குறைக்க வந்ததே அல்ல. எப்போதும் ஷீல்டோடுதான் சுடப்போகிறீர்கள் என்றால், பிரேக்குக்குப் பணம் கொடுக்காமல், அதே நிறுவனத்தின் ஷீல்டு ஏற்கும் ஃபிளாஷ் ஹைடரை வாங்குங்கள். கழற்றும்போது பக்கத்தில் இருப்பவருக்கும் தொல்லை இராது.

காம்பன்சேட்டரின் மேல் போடுவதுதான் மிக மோசம். மேல்நோக்கிய துளைகள் வழியாக வாயு பாய்ந்து முனையைக் கீழே அழுத்துவதற்காகச் செய்யப்பட்டது அது. ஷீல்டு போட்டால் அந்த வாயு ஷீல்டின் கூரையில் மோதி அதை மேலே தள்ளும். கீழே அழுத்தியதும் மேலே தள்ளியதும் ஒன்றையொன்று தின்றுவிடும். முனை முன்போலவே எகிறும், தடுத்து நிற்க மிஞ்சுவது ஷீல்டின் எடை மட்டுமே.

குட்டைக் குழல் கொண்ட ரஷ்யத் துப்பாக்கி ஏகேஎஸ்-74யு-வின் முனையில் இருக்கும் தடித்த உருளையைப் பார்த்து அதையும் ஷீல்டு என்பார்கள். அது வேறு. 206.5 மி.மீ. குழலில் வாயுப் பொறிக்குப் போதிய அழுத்தம் கிடைக்காது என்பதால் அழுத்தத்தை ஏற்றிப் பிடிக்க வைத்த அறை அது. ஏகே-74-இன் நீளக் குழலுக்கு அது தேவையில்லை. அதில் இருப்பது பெரிய பிரேக்.

பூட்டும் முறை

மேகசினை எடுங்கள், போல்ட்டைத் திறங்கள், அறையைக் கண்ணாலும் விரலாலும் பாருங்கள். குழலை அதற்கான பிடிகட்டைகளில் வைஸில் இறுக்குங்கள். ஏ.ஆர். வகையென்றால் குழலின் பின்முனையைப் பிடிக்கும் ரியாக்‌ஷன் ராடு நல்லது. ரிசீவரைப் பிடித்துக்கொண்டு முனையைத் திருகக் கூடாது. குழலை நேராக நிறுத்தும் சிறு பின்னும் அதன் காடியும் நசுங்கும்.

பழைய முனையை, அதாவது குழலின் நுனியில் மாட்டியிருக்கும் துண்டை, கழற்றி, மரையையும் அதன் பின்னுள்ள தோள்பகுதியையும் கரி போகத் துடையுங்கள். 5.56-இல் பெரும்பாலும் 1/2-28 மரை, .308-இல் 5/8-24. ஷீல்டோ சப்ரஸ்ஸரோ தாங்கப்போகும் முனைக்கு நசுங்கும் வகை கிரஷ் வாஷர் போடாதீர்கள். அது ஒரு பக்கம் அதிகமாக நசுங்கி முனையைக் கோணலாக உட்கார வைக்கும். அந்தக் கோணல் ஷீல்டின் நுனியில் பெரிதாகி, குண்டு விளிம்பில் உரசும். தட்டையான ஷிம்களை, அதாவது மெல்லிய உலோக வளையங்களை, போடுங்கள். 1/2-28 மரையில் 0.025 மி.மீ. ஷிம் ஒன்று முனையைச் சுமார் 10 பாகை திருப்பும். 5/8-24-இல் எட்டரை பாகை. கையால் இறுக்கியபோது துளைகள் சரியான நிலைக்குக் கொஞ்சம் முன்னால் நிற்கும்படி ஷிம்களைக் கூட்டிக் குறைத்துக்கொண்டு, மீதியை டார்க் ரெஞ்சால் இறுக்குங்கள். தயாரிப்பாளர் சொல்லும் அளவே இறுதி. பொதுவாக அது 27 முதல் 40 நியூட்டன் மீட்டருக்குள் வரும்.

மரைப் பசைக்கு ராக்ஸெட் இரண்டு சொட்டு போதும். 24 மணி நேரம் காயவிட்டுச் சுடுங்கள். சிவப்பு லாக்டைட் இங்கே ஏற்றதல்ல. 260 டிகிரி சுற்றுவட்டாரத்தில் அது இளகிவிடும், விரைவாகச் சுட்டால் முனை அந்தச் சூட்டை எட்டிவிடும். ராக்ஸெட் சூட்டுக்கு அசையாது, தண்ணீருக்கு இளகும். கழற்ற நினைத்தால் முனையைத் தண்ணீரில் ஊறவைத்தால் போதும்.

இனி ஷீல்டு. ஒரு நிறுவனத்தின் ஷீல்டை இன்னொரு நிறுவனத்தின் பிரேக்கில் பொருத்த முயலாதீர்கள். பூட்டிய பின் அலைன்மென்ட் ராடை (நேர் பார்க்கும் கம்பியை) குழலுக்குள் விட்டு, ஷீல்டின் முன்துளையில் அது நடுவில் நிற்கிறதா என்று பாருங்கள். ஹேண்ட்கார்டுக்குள் (குழலைச் சுற்றிய கைப்பிடி உறைக்குள்) ஷீல்டு நுழைந்து நிற்குமானால் சுற்றிலும் குறைந்தது 3 மி.மீ. இடைவெளி வேண்டும். தொட்டால் குறி அலையும், ஹேண்ட்கார்டு சுடும். முதலில் 25 மீட்டரில் ஒரே ஒரு குண்டு சுட்டு, ரைஃபிளைக் காலி செய்து, முன்விளிம்பில் புதுக் கீறல் இருக்கிறதா என்று பாருங்கள். பிறகு ஐந்து சுட்டு, பிடி தளர்ந்ததா என்று பாருங்கள், கையுறையோடு.

முனையில் எடை ஏறினால் குழலின் அதிர்வு மாறும், குண்டு விழும் இடமும் மாறும். 100 மீட்டரில் ஷீல்டோடு ஐந்து, ஷீல்டில்லாமல் ஐந்து சுட்டு, இரண்டின் நடுப்புள்ளிக்கும் உள்ள வித்தியாசத்தைக் குறித்துவையுங்கள். கழற்றி மாட்டிச் சுடுபவர்கள் இந்த அளவு தெரியாமல் போட்டிக்குப் போகக் கூடாது.

பிரேக்கில் எவ்வளவு மிச்சம் என்று அளப்பது

போல்ட் ஆக்‌ஷன் ரைஃபிளில் இது துல்லியமாக வரும். தானியங்கியில் போல்ட்டின் ஓட்டம் குழப்பும். வேண்டியவை: மெழுகு தேய்த்த நீளமான மேசைப் பலகை, 10 கிலோ எடையுள்ள பிளைவுட் சறுக்குப்பெட்டி, அளவுநாடா, ஈயக்கட்டி, துப்பாக்கியின் விசையைத் தள்ளி நின்று இயக்கப் பழைய கேமராக்களில் வரும் காற்றுக்குமிழ் விசையோ சைக்கிள் பிரேக் கேபிளோ. நூல் கட்டி விசையை இழுத்தால் பெட்டியே இழுபடும், அளவு கெடும். கேபிளின் உறை பெட்டியிலேயே பூட்டியிருந்தால் அந்தப் பிரச்சினை இல்லை.

ரைஃபிளின் அடிக்கட்டை பெட்டியின் பின்பலகையில் அழுந்தி நிற்கும்படி இறுகக் கட்டுங்கள். 25 மீட்டரில் உயரமான மண்மேடு, பெட்டிக்குப் பின்னால் மணல்மூட்டை, பக்கத்திலும் பின்னாலும் ஆள் கூடாது. ஒவ்வொரு முறையும் குழல் மேட்டின் நடுவைப் பார்க்கிறதா என்று உறுதிசெய்த பிறகே தோட்டா ஏற்றுங்கள். ரேஞ்சின் பொறுப்பாளர் ஒப்புக்கொண்டால் மட்டுமே இதைச் செய்யுங்கள்.

மூன்று நிலைகளில் சுடுங்கள்: முனையில் எதுவும் இல்லாமல், பிரேக் மட்டும், பிரேக்கும் ஷீல்டும். மூன்றிலும் மொத்த எடை ஒன்றாக இருக்க வேண்டும். ஷீல்டு 350 கிராம் என்றால், அது இல்லாதபோது பெட்டியில் 350 கிராம் ஈயம் வையுங்கள். பிரேக்கையும் கழற்றும்போது அதன் எடைக்கும் சேர்த்து வையுங்கள். இந்த ஒரு படியை விட்டுவிட்டால், எடையின் பலனை ஷீல்டின் பலன் என்று எழுதிக்கொள்வீர்கள். ஒரே பெட்டித் தோட்டா, ஒரே தொடக்கக் கோடு, நிலைக்கு மூன்று குண்டு, சராசரி.

மேலே கணக்கிட்ட .308 ரைஃபிளும் பெட்டியும் சேர்ந்து 14.5 கிலோ, உராய்வு எண் 0.3 என்றால், வெறும் முனையில் பெட்டி ஏறக்குறைய 13 செ.மீ. சறுக்கும். வாயு முழுவதையும் 90 பாகை திருப்பும் பிரேக்கில் 6.3 செ.மீ. நிஜ பிரேக்குகள் இந்த இரண்டுக்கும் நடுவில் நிற்கும், பின்னோக்கிச் சாய்ந்தவை இன்னும் கீழே போகலாம்.

சறுக்கும் தூரம் உந்தத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. எனவே தூரங்களின் வர்க்கமூலத்தை எடுத்துக்கொள்ளுங்கள். வெறும் முனையின் மூலத்திலிருந்து ஷீல்டு நிலையின் மூலத்தைக் கழியுங்கள். அதை, வெறும் முனைக்கும் பிரேக்குக்கும் உள்ள வித்தியாசத்தால் வகுங்கள். ஷீல்டோடு 10 செ.மீ. வந்தது என்று வைத்துக்கொண்டால்: 3.61-இலிருந்து 3.16 போக 0.45. 3.61-இலிருந்து 2.51 போக 1.10. வகுத்தால் 0.41. பிரேக்கின் பலனில் 41 சதவீதம் மிச்சம். 12.5 செ.மீ. வந்திருந்தால் மிச்சம் 7 சதவீதம்கூட இல்லை. அந்த ரைஃபிளில் ஷீல்டு போட்டபோது பிரேக் வெறும் தாங்கி மட்டுமே.

எங்கே போடலாம், எங்கே கழற்ற வேண்டும்

உள்ளரங்க ரேஞ்சில் இரு பக்கமும் தடுப்புப் பலகை உள்ள மேடையில் போடுங்கள். பக்கவாட்டு வாயு பலகையில் மோதி உங்கள் முகத்துக்கே திரும்பும், ஷீல்டு அதிகம் உதவும் இடம் இது. பயிற்சியில் நெருக்கமாக வரிசையில் நின்று சுடும்போது, வண்டிக்குள்ளிருந்தோ சுவர் ஓரமாகவோ சுடும்போது, 11 அங்குலத்துக்குக் குறைவான 5.56 குழலில், தயங்காமல் போடலாம். குட்டைக் குழலில் முனை அழுத்தம் அதிகம், அடியும் அதிகம். கார்ட்ரிட்ஜின் உதையோ சிறியது. அவ்வகைக் குழலுக்கு அலுமினிய ஷீல்டு வாங்காதீர்கள், எரியும் துகள்கள் அதை அரித்துவிடும். எஃகு வாங்குங்கள்.

மேக்னம் வேட்டை ரைஃபிளிலும், தன் குண்டு விழுவதைத் தானே தொலைநோக்கியில் பார்த்துத் திருத்த வேண்டிய துல்லியப் போட்டியிலும் கழற்றிவிடுங்கள். அங்கே பிரேக்கை வாங்கியதே உதைக்காகத்தான்.

ஒன்றை மட்டும் அழுத்திச் சொல்ல வேண்டும். ஷீல்டு சத்தத்தைக் குறைப்பதில்லை, இடம் மாற்றுகிறது. ரைஃபிளின் வெடிச்சத்தம் 160 டெசிபல் அளவில் இருக்கும். காதுக்கு ஒரே அடியில் கெடுதல் என்று வகுக்கப்பட்ட எல்லை 140. சுடுபவருக்குச் சற்று இதமாகத் தெரிவதை நம்பிக் காதுச்செருகியைக் கழற்றிவிடாதீர்கள். உள்ளரங்கில் செருகியும் காதை மூடும் மஃபும் இரண்டும் வேண்டும்.

சத்தமும் குறைய வேண்டும், உதையும் குறைய வேண்டும் என்றால் பதில் சப்ரஸ்ஸர்தான். அமெரிக்காவில் அது 1934-ஆம் ஆண்டின் தேசியத் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் பதிவு செய்யப்பட வேண்டும். 200 டாலர் வரி 2026 ஜனவரி 1 முதல் பூஜ்யம் ஆகிவிட்டது, பதிவு அப்படியே இருக்கிறது. கலிபோர்னியா, நியூயார்க், நியூஜெர்சி போன்ற மாநிலங்களில் அனுமதியே இல்லை.

ஷீல்டுக்கும் சைலன்சருக்கும் நடுவே சட்டத்தின் கோடு மெல்லியது. சத்தத்தை முன்னால் திருப்பும் ஒரு பிரேக்கை, தோற்றமும் உறுப்புகளும் சைலன்சரைப்போல் உள்ளன என்று துப்பாக்கிகளைக் கண்காணிக்கும் மத்திய முகமையான ஏ.டி.எஃப். வகைப்படுத்தியதை, இன்னோவேட்டர் என்டர்பிரைசஸ் வழக்கில் 2014-இல் வாஷிங்டன் நீதிமன்றம் ஏற்கவில்லை. ஆனால் சிக் ஸாவர் நிறுவனத்தின் எம்.பி.எக்ஸ். துப்பாக்கியின் பிரேக், சைலன்சரின் உள்பாகமாகவே செய்யப்பட்டது என்று சொன்ன முகமையின் முடிவை, அந்நிறுவனத்தின் மேல்முறையீட்டில் 2016-இல் நீதிமன்றம் உறுதிசெய்தது. ஷீல்டுக்குள் தடுப்புத்தட்டோ பஞ்சோ வேறு எதுவோ சேர்க்காதீர்கள். அது சட்டப்படி சைலன்சர் ஆகிவிடும், சிறைத்தண்டனைக்குரிய குற்றம். தவிர, கையால் வைத்த தட்டில் குண்டு மோதினால் ஷீல்டு சிதறும்.

கரி பிடித்துக்கொண்டால்

ஷீல்டைப் பிரேக்கிலேயே மாதக்கணக்கில் விட்டுவைப்பவர்களுக்கு வரும் பிரச்சினை இது. பிரேக்குக்கும் சுவருக்கும் நடுவே கரி இறுகி இரண்டும் ஒன்றாகிவிடும். ஒவ்வொரு முறை சுட்டு முடித்ததும், கொஞ்சம் ஆறியவுடன், தடித்த தோல் கையுறையோடு கழற்றித் துடையுங்கள். மரையில் நிக்கல் ஆன்ட்டி-சீஸ் கிரீஸ் மெல்லியதாகத் தடவி மாட்டுங்கள்.

ஏற்கெனவே பிடித்துவிட்டதென்றால் பலம் காட்டாதீர்கள். குழல்முனை கீழே பார்க்க நிறுத்தி, கரி கரைக்கும் எண்ணெயில் ஓரிரவு ஊறவைத்து, மறுநாள் ஷீல்டைச் சுற்றிப் பிடிக்கும் ஸ்ட்ராப் ரெஞ்சால் மெதுவாகத் திருகுங்கள். தண்ணீரில் ஊறவைக்க வேண்டாம். கரி விடுமுன் உள்ளே பிரேக்கைப் பிடித்திருக்கும் ராக்ஸெட் விட்டுவிடும். ஷீல்டோடு பிரேக்கும் சேர்ந்து கழன்று வரும், ஷிம்களைத் திரும்ப எண்ணி அடுக்க வேண்டியிருக்கும்.